ஆசேரின் மகளும் இத்தாலி மாமாவும்

அந்தக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் தாடி ஒட்டியவர்களே, உங்களில் யாருக்காவது இன்னும் தாடை அரிக்கிறதா? பஞ்சை ஒட்டுவதற்கு மாஸ்டர் எதைக் காய்ச்சிக் கொண்டுவந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோதுமை மா இருந்தது, அது நிச்சயம். கோயில் ஹாலுக்குள் கால் வைத்தாலே புளித்த மா வாசம்தான் முதலில் வரும், அதன் பின்னால் தரை மெழுகின் வாசம், அதன் பின்னால் சமையலறையில் யாரோ பொரிக்கிற ரோல்ஸ் வாசம். இப்போது நமக்கெல்லாம் முழங்கால் வலி, மூக்குக் கண்ணாடி. உங்களில் சிலருக்குச் சொந்தமாகவே வெள்ளைத் தாடி வந்துவிட்டது. அன்றைக்கு யாராக நின்றீர்கள் என்பதை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. எனக்குத் தாடி கிடையாது. நான் செராகு.

“ஆர் அது?” என்று கேட்பீர்கள். அன்றைக்கும் அதையேதான் கேட்டீர்கள். யாக்கோபுக்குப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள். அவர்களில் ஒருவர் ஆசேர். ஆசேருக்கு நான்கு ஆண்பிள்ளைகள். பைபிளில் அந்த நான்கு பேரின் பெயரையும் ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டு, இவர்களுக்கு ஒரு சகோதரியும் இருந்தாள், பெயர் செராகு என்று போகிற போக்கில் ஒரு சொல் வருகிறது. அவ்வளவுதான். அவள் என்ன செய்தாள், யாரைக் கட்டினாள், ஒன்றும் கிடையாது. அப்படி ஒருத்திக்கு மேடையில் வேஷம் கொடுக்க உலகத்திலேயே நம் மாஸ்டரால் மட்டும்தான் முடியும்.

மாஸ்டரை நினைவிருக்கும். சனிக்கிழமைகளில் லண்டன் ஹரோவில் நமக்குத் தமிழ் படிப்பிப்பார், மற்ற நாட்களில் பெற்றோல் ஷெட்டில் நிற்பார். முந்தின வருட ஒளிவிழாவுக்குக் கிறிஸ்து பிறப்பு நாடகம் போட்டுப் பாவம் சீரழிந்து போயிருந்தார். மாதா வேஷம் ஒன்றுதானே? அது கிடைக்காத பெண்பிள்ளைகளின் தாய்மார் ஒருவரும் அவரோடு கதைக்கவில்லை. ஆடாக நடித்த பிள்ளையின் தகப்பன், “என்ர பிள்ளை என்ன, மிருகமோ?” என்று கேட்டுவிட்டு வேறு கோயிலுக்கு மாறிப் போய்விட்டார். அதனால் அந்த முறை மாஸ்டர் நன்றாக யோசித்து ஒரு கதையைத் தேடிப் பிடித்தார். பஞ்சம் வந்து யாக்கோபு தன் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிற கதை. போனவர்கள் எழுபது பேர், எல்லோருக்கும் பைபிளில் பெயர் இருக்கிறது.

“எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பெயர். எல்லாப் பெயருக்கும் ஒரு வசனம். இனி ஆர் என்னோட சண்டைக்கு வருவினம் எண்டு பாப்பம்” என்று பூசை முடிந்தபின் ஒலிவாங்கியிலேயே சொன்னார்.

பெட்டி படுக்கையோடு குடும்பமாக இன்னொரு நாட்டில் போய் இறங்குகிற கதையை நம் பெற்றோருக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குப் போய்ப் பைபிளைத் திறந்து பார்த்த பிறகுதான் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு விஷயம் விளங்கியது. பெயர் முழுக்க ஆண்கள். நம் பெண்பிள்ளைகள் எல்லோரும் இரட்டைப் பின்னலுக்குக் கீழே தாடி ஒட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு மிஞ்சியவை இரண்டே இரண்டு பெயர்கள். யாக்கோபின் மகள் தீனா ஒன்று. “எங்கட பிள்ளைதான் யாக்கோபின்ர ஒரே மகள்” என்று ஒரு தாய் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். பிறகு யாரோ, தீனாவை ஒருவன் கெடுத்த கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த ஒத்திகைக்கு முகம் சிவக்க வந்து, “மாஸ்டர், என்ர பிள்ளைக்கு மீசையே போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்றப் பெயர் எனக்கு வந்தது. காரணம் என் அண்ணைமார். பெரியம்மாவின் பிள்ளைகள் நான்கு பேரும் ஆண்கள், நான்கும் தறுதலைகள். நான் அவர்களின் சித்தியின் ஒரே மகள். நான்கு பேர் வரிசையாகப் போக, பின்னால் நான் வால் போலப் போவேன். “உவையள் ஆசேரின்ர பிள்ளையள், உவள் தங்கச்சி” என்று மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு தீர்த்துவிட்டார். அண்ணைமாருக்கு ஆளுக்கொரு வசனம் கிடைத்தது. எனக்கு இல்லை. கடைசி அண்ணை தன் பெயரைச் சொல்லிவிட்டு என்னைக் காட்டி, “இவள் எங்கள் சகோதரி செராகு” என்பார். நான் கும்பிட வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவு சாப்பாடே வேண்டாம் என்றேன். பிறகு புட்டு என்று தெரிந்ததும் சாப்பிட்டேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். அம்மாவும் பெரியம்மாவும் அக்கா தங்கை. ஹரோவில் ஒரு மாடி வீட்டை இரண்டு குடும்பமுமாக எடுத்திருந்தோம். பெரியம்மா குடும்பம் மேலே, நாங்கள் கீழே முன்னறையில், சமையலறைக்குப் பக்கத்து அறையில் அம்மப்பா. அம்மாவின் அப்பா என்பதால் எனக்கு அம்மப்பா. ஒரே ஒரு குளியலறை. ரெலிபோன் படிக்கட்டின் அடியில், அதற்கென்று ஒரு சின்ன மேசை, மேசையோடு சேர்ந்த ஒரு மெத்தை இருக்கை. அந்த மாதிரி இருக்கையை இப்போது எங்கேயும் காணக் கிடைப்பதில்லை. அதில் இருந்துகொண்டு கதைத்தால் வீடு முழுக்கக் கேட்கும், அதனால் எங்கள் வீட்டில் இரகசியம் எல்லாம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் நடக்கும்.

எங்களிடம் ஒரு பெரிய இரகசியம் இருந்தது. அது மாமா.

மாமா அம்மப்பாவின் கடைசிப் பிள்ளை, ஒரே மகன். மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் வெளிக்கிட்டவர். வள்ளம் கவிழ்ந்துவிட்டது, ஒருவரும் தப்பவில்லை என்று எங்களுக்குச் செய்தி வந்தது. அந்த வருடம்தான் அம்மப்பாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்திருந்தது. அதிர்ச்சியான செய்தி ஒன்றும் காதில் விழக்கூடாது என்று டொக்டர் சொன்னதாகப் பெரியம்மா சொன்னார். டொக்டர் சொன்னது உப்பைக் குறைக்கச் சொல்லி மட்டும்தான் என்று அம்மா பிற்காலத்தில் சொன்னார்.

நம் ஆட்கள் சாவுச் செய்தியை நேரே சொல்வார்களா? முதல் நாள் “கொஞ்சம் சுகமில்லை” என்பார்கள், பிறகு “ஆஸ்பத்திரியில வச்சிருக்கினம்”, அதன் பிறகுதான் மிச்சம் வரும். பெரியம்மாவும் அப்படிப் படிப்படியாகத்தான் சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் அம்மப்பா சமையலறைக்குள் வந்து, “தம்பி போய்ச் சேந்திட்டானோ?” என்று கேட்டபோது வாய் தடுமாறி, “ஓம் அப்பா, சேந்திட்டான்” என்றுவிட்டார். “எங்க?” என்று அடுத்த கேள்வி. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ரோமாபுரிப் பேராலயத்தின் படம் இருந்தது. “இத்தாலி” என்றார் பெரியம்மா.

அம்மா வேலையால் வந்ததும் குழாய் திறக்கப்பட்டது. பெரியம்மா விஷயத்தைச் சொன்னார். அம்மா அழுதார், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, “அப்ப என்ன வேலை செய்யிறான் எண்டு சொல்லுவம்?” என்று கேட்டார்.

அப்படித்தான் மாமா இத்தாலியில் பீட்சாக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் கோப்பை கழுவினார். இரண்டொரு மாதத்தில் மா குழைத்தார். ஒரு வருடம் முடிவதற்குள் தலைமைச் சமையற்காரராகி, ஒரு சிவப்புக் காரும் வாங்கிவிட்டார். எங்கள் வீட்டில் உயிரோடு இருந்த ஆம்பிளை ஒருவரும் அவ்வளவு வேகமாக முன்னேறவில்லை, அப்பாவுக்கு அதில் சற்றுக் கடுப்பும் இருந்தது. “கார் எதுக்கு வாங்கிக் குடுத்தனீங்கள்? சைக்கிள் காணாதோ?” என்று குழாய்ச் சத்தத்துக்குள் கேட்டார்.

ரெலிபோன்தான் தலையிடி. மாமாவின் அழைப்பு எப்போதும் அம்மப்பா குளிக்கும்போதுதான் வரும். “இப்பத்தான் அப்பா போனை வச்சவன், நீங்கள் குளிக்கிறீங்கள் எண்டு சொன்னன், சுகம் கேட்டவன்” என்பார் பெரியம்மா. அம்மப்பா ஈரத் தலையோடு நின்று, “சாப்பாடு எல்லாம் ஒத்துக்கொள்ளுதாமோ?” என்று கேட்பார். வரவர அவர் குளிக்கிற நேரம் நீண்டுகொண்டே போயிற்று. அண்ணைமார் கதவுக்கு வெளியே துவாயோடு வரிசையில் நின்று திட்டுவார்கள். வயது போனால் அப்படித்தான் என்றார் பெரியப்பா.

கோயிலிலும் கதை பரவிவிட்டது. பூசை முடிந்தபின் அம்மப்பா வாசலில் நின்று, “மகன் இத்தாலியில” என்று தாமே சொல்லிக்கொள்வார். ஒரு மாமி, பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவர், விடாப்பிடியாகப் பின்தொடர்ந்தார். “சிவப்புக் காராம், நல்ல பொடியனாம், எங்கட பிள்ளையும் இருபத்தாறு” என்று பெரியம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். செத்தவனுக்குப் பெண் பேசி வருகிறார்களே என்று பெரியம்மா வீட்டுக்கு வந்து சிரித்தார், சிரித்து முடியமுன்னே அழுதார்.

நவம்பர் மாதம் இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிப்பார்கள் அல்லவா? மாமாவின் பெயரை எங்கள் கோயிலில் கொடுக்க முடியாது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, மெற்றோபொலிற்றன் ரெயிலில் ஏறி, இன்னொரு ரெயிலுக்கு மாறி, லண்டனின் மற்றத் தொங்கலில் இருக்கும் பார்க்கிங் என்ற ஊர் வரை போய், நம்மைத் தெரியாத ஒரு கோயிலில் கொடுத்தார். வெள்ளைக்காரக் குருவானவர் பெயரை உடைத்து உடைத்து வாசித்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வெளியே வந்து எனக்கு ஒரு சொக்லேட் வாங்கித் தந்து, “அம்மப்பாவுக்கு மூச்சும் விடப்படாது” என்றார். விடவில்லை.

இந்த நிலையில்தான் மாஸ்டர் யாக்கோபு வேஷத்துக்கு அம்மப்பாவைக் கேட்டார். சொந்தத் தாடி உள்ளவர், பகலில் வீட்டில் இருப்பவர், குரல் உள்ளவர். அதைவிட வேறென்ன வேண்டும்? அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் உயிர் போய்விட்டது. மகனைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம்! வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது, ஏன் வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது.

“அப்பா, உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது” என்றார் அம்மா.

“ஹாலில ஹீற்றர் இருக்கு, பிள்ளை.”

“வசனம் பாடமாக்க வேணும்” என்றார் பெரியம்மா.

“எனக்கென்ன, வேற வேலையே?”

ஒத்திகையில், அண்ணன்மார் யாக்கோபின் செல்ல மகன் யோசேப்பை விற்றுவிட்டு, மிருகம் கொன்றுவிட்டது என்று அவனுடைய இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டும் இடம் வந்தது. அங்கி என்பது பெரியண்ணையின் டிரெஸ்ஸிங் கவுண், இரத்தம் என்பது தக்காளிச் சோஸ். அம்மப்பா அதை வாங்கி மடியில் வைத்து, மெதுவாகத் தடவி, ஒரு அழுகை அழுதார் பாருங்கள். ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்த நீங்கள் எல்லோரும் அப்படியே நின்றீர்கள். ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த தாய்மார் சமையலறை வாசலுக்கு வந்தார்கள். “ஐயோ, என்ன நடிப்பு!” என்று மாஸ்டர் கையைத் தட்டினார். அம்மாவும் பெரியம்மாவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு இன்னும் வசனம் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு யூதப் பிள்ளை இருந்தாள், முன்பல் இல்லாதவள், வாய் ஓயாதவள். அவளிடம் என் முறைப்பாட்டைச் சொன்னேன். “செராகா?” என்று துள்ளினாள். எபிரேயம் எழுதவும் வாசிக்கவும் அவள் ஞாயிறுகளில் போகும் வகுப்பில் அந்தக் கதை சொல்லியிருக்கிறார்களாம். யோசேப்பு எகிப்தில் உயிரோடு இருப்பதைக் கண்டு அண்ணன்மார் திரும்பி வருகிறார்கள். கிழவரிடம் எப்படிச் சொல்வது? திடீரென்று சொன்னால் நெஞ்சு வெடித்துச் செத்துப்போவாரே என்று பயம். கடைசியில் ஆசேரின் சின்ன மகளைப் பிடித்து, நீ போய்ப் பாட்டாகப் பாடு என்கிறார்கள். அவள் தாத்தாவின் பக்கத்தில் இருந்து மெல்ல மெல்லப் பாடி, சேதியை அவர் காதுக்குள் இறக்குகிறாள். கிழவர் பிழைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், உனக்குச் சாவே வராது என்று அவளை ஆசீர்வதித்தாராம். தோழி இதை ஆங்கிலத்தில், வாய்க்குள் பாணும் ஜாமும் இருக்க, ஒரே மூச்சில் சொன்னாள்.

நான் மாஸ்டரிடம் ஓடினேன். “பைபிளில அப்பிடி ஒண்டும் இல்லை” என்று அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற நம் பங்குச் சுவாமியார் காதில் அது விழுந்துவிட்டது.

“ஆர் சொன்னது?” என்று கேட்டார்.

“என்ர ஃபிரெண்ட், சுவாமி. அவள் யூதப் பிள்ளை.”

“அவையின்ர குடும்பக் கதை, மாஸ்டர். அவைக்குத் தெரியாததோ? பிள்ளைக்கு ஒரு பாட்டுக் குடுங்கோ” என்றார் சுவாமியார்.

இரண்டு வரிப் பாட்டு. “மெல்லக் கேளும் பாட்டா, மெல்லக் கேளும், எகிப்து நாட்டிலே உம் பிள்ளை இருக்கிறான்.” நான் பாடியதும் யாக்கோபு தலையைத் தூக்கி, “என்ன சொன்னாய், மகளே? இன்னொரு முறை சொல்” என்பார். நான் மறுபடியும் பாட வேண்டும். வீட்டில் நானும் அம்மப்பாவும் சமையலறை மேசையில் இதைப் பாடிப் பாடிப் பழகினோம். அம்மா சட்டியைப் பலமாகத் தேய்ப்பார்.

ஒளிவிழாவுக்குச் சற்று முன் ஒரு சனிக்கிழமை காலை. அம்மப்பா குளித்துக்கொண்டிருந்தார். ரெலிபோன் அடித்தது. பெரியம்மா எடுத்தார். “ஹலோ” என்றார். அந்த மெத்தை இருக்கையில் இருக்கப் போனவர் இருக்கை இல்லாத இடத்தில் இருந்துவிட்டார். அம்மா ஓடிவந்து வாங்கினார். “ஆர்? ஆர்? உன்ர குரலோ? சத்தியமா நீயோ?” என்று கேட்டுக்கொண்டு அவரும் தரையில் இருந்தார். அண்ணைமாரும் நானும் படிக்கட்டுக் கம்பிகளுக்கு நடுவால் தலையை நீட்டிப் பார்த்தோம். மாமா! மீன்பிடிக்காரர் தூக்கிக் கரை சேர்த்திருக்கிறார்கள், தமிழ்நாட்டில் அகதிக் காம்பில் இருந்திருக்கிறார், எங்கள் நம்பர் கடலோடு போய்விட்டது, இப்போதுதான் ஊர் ஆள் ஒருவர் மூலம் கிடைத்தது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். சின்னண்ணை படியில் தலைகீழாக விழுந்தார்.

குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது. “ஆர் எடுத்தது?” என்று அம்மப்பா கூப்பிட்டுக் கேட்டார்.

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார்.

“பிழையான நம்பர், அப்பா!” என்றார் பெரியம்மா.

ஒரு வருடத்துக்கு மேலாக எடுக்காதவன் எடுத்தான், எடுத்தான் என்று சொன்ன வீட்டில், எடுத்த அன்றைக்குப் பிழையான நம்பர். இதைவிட விசர்த்தனம் உண்டா? ஆனால் அவர்கள் என்ன செய்வார்கள்? குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவர்கள் நான்கு பேரும் நின்றபடியே கூட்டம் போட்டார்கள். உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால், அப்போ செத்தவன் என்று நினைத்தீர்களா என்று கேட்பார். காம்பில் இருக்கிறான் என்று சொன்னால், பீட்சாக் கடைக்கு என்ன நடந்தது என்று கேட்பார்.

“இத்தாலியில இருந்து இந்தியாவுக்குச் சுற்றுலா போனவன் எண்டு சொல்லுவம்” என்றார் அம்மா.

“போய் அகதிக் காம்பில தங்கினவனோ?” என்றார் அப்பா.

“காரை வித்துப்போட்டானெண்டு முதல் சொல்லுவம். அடுத்த கிழமை கடை நட்டத்தில போகட்டும். மெல்ல மெல்ல அவனைக் கீழ இறக்குவம்” என்றார் பெரியம்மா. நல்ல சேதியைத் துக்கச் சேதி போலத் தவணை முறையில் சொல்லத் திட்டம் போட்டார்கள். கடைசியில் ஒளிவிழா முடியும்வரை ஒன்றும் சொல்வதில்லை, அவ்வளவு சந்தோஷத்தை அந்த நெஞ்சு தாங்காது என்று முடிவாயிற்று. எங்கள் ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தி, “வாயைத் திறந்தால் தெரியும்” என்றார் பெரியம்மா. அண்ணைமாருக்கு அது சுலபம். அவர்கள் அம்மப்பாவின் காதுக்குள் பாட வேண்டியதில்லை. சமையலறை மேசையில் அம்மப்பா, “எங்க, பாடு பாப்பம்” என்பார். நான் பாடுவேன், பாடிவிட்டு ஓடிப்போய்க் கோட்டுகள் தொங்கும் இடத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்பேன். அம்மப்பா ஒன்றும் தெரியாமல் இருக்கிறாரே, மாமா உயிரோடு இருக்கிறாரே, இதைச் சொல்லாமல் நாங்கள் புட்டு அவிக்கிறோமே என்று எனக்குத் தாங்கவில்லை.

விழா நாள் வந்தது. அம்மப்பா பெரியம்மாவின் ஊதாத் திரைச்சீலையைப் போர்த்துக்கொண்டு மேடை நடுவில் கதிரையில் இருந்தார். நீங்கள் எல்லோரும் டிரெஸ்ஸிங் கவுண், தலையில் பாத்திரம் துடைக்கும் துவாய், தாடி, கையில் பெட்டி என்று இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நின்றீர்கள். என் சின்னக் குரல் கேட்கட்டும் என்று மாஸ்டர் கதிரையடியில் ஒரு ஒலிவாங்கியை வைத்திருந்தார். அண்ணைமார் என்னைத் தள்ளிவிட்டார்கள். நான் போய் முழந்தாளில் இருந்து, அம்மப்பாவின் காதில் வாயை வைத்துப் பாடினேன். முழுதாகப் பாடினேன், பிழை இல்லை.

அவர் தலையைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது.

“என்ன சொன்னாய், மகளே? இன்னொரு முறை சொல்.”

பாட்டு எங்கோ போய்விட்டது. “அம்மப்பா, மாமா சாகேல்ல. உயிரோட இருக்கிறார். போன் எடுத்தவர்” என்றேன்.

ஒலிவாங்கி அதை ஹாலின் கடைசிக் கதிரை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாம் வரிசையில் அம்மா எழும்பிவிட்டார். மாஸ்டர் திரைக்குப் பின்னால் நின்று, “வசனம்! வசனம்!” என்று மூச்சால் கத்தினார். அம்மப்பா கைத்தடியைத் தரையில் வைத்தார். நெஞ்சில் கையை வைத்தார். செத்துவிடப் போகிறார், நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

“எங்கயிருந்து எடுத்தவன்?” என்றார்.

“இந்தியாவிலயிருந்து.”

“இத்தாலியிலயிருந்து இல்லையோ?”

“இல்லை, அம்மப்பா.”

“அப்ப உண்மைதான்” என்றார்.

மாப்பிள்ளை தேடிய அந்த மாமி, “அப்ப இத்தாலியில இருக்கிறது ஆர்?” என்று பெரிதாகக் கேட்டார். யாரோ சிரித்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் சேலையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறி ஓடிவந்தார்கள், ஒருவர் அம்மப்பாவின் வலது தோளிலும் மற்றவர் இடது தோளிலும் விழுந்து ஓவென்று அழுதார்கள். திரையை மூடச் சொல்லி மாஸ்டர் கத்தினார். திரைக்குப் பொறுப்பாக இருந்த இரட்டையர் நீங்கள் இருவரும் அந்த நேரம் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தீர்கள், மறுக்கவேண்டாம். அம்மப்பா இரண்டு மகள்மாரின் தலையையும் தடவிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளையள் தாடியோட நிக்குதுகள். முதல் எகிப்துக்குப் போயிட்டு வருவம், பிறகு கதைப்பம்” என்றார்.

போனோம். நம் ஹாலில் அப்படி ஒரு ஆரவாரம் அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் விசில். எழுபது பேரும் மேடையைச் சுற்றி, படியால் இறங்கி, கதிரைகளுக்கு நடுவால் எகிப்துக்குப் போனோம். அழுதுகொண்டிருந்த அம்மாவும் பெரியம்மாவும் இறங்க வழி இல்லாமல் எங்களோடு சேர்ந்து நடந்தார்கள். போன வருடம் கோபித்துக்கொண்டு போன ஆட்டின் தகப்பன் முதல் வரிசையில் நின்று கை தட்டினார். மாமா லண்டனுக்கு வந்து சேர மேலும் சில வருடங்கள் எடுத்தன. அம்மப்பா வேட்டிக்கு மேல் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்திருந்தார். மாமாவை இன்றைக்கும் உங்கள் பிள்ளைகள் இத்தாலி மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் இன்னும் இத்தாலியைக் கண்டதில்லை, கார் ஓட்டவும் தெரியாது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. நீங்கள் எல்லோரும் சூடு தண்ணீரில் தாடி பிய்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால் அதைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஹாலின் சமையலறையில் அம்மப்பா ஊதாத் திரைச்சீலையோடு ஒரு ஸ்டூலில் இருந்து தேநீர் குடித்தார். முன்னால் அம்மாவும் பெரியம்மாவும் குற்றவாளிகள் போல நின்றார்கள். நான் அவர் முழங்காலில் சாய்ந்திருந்தேன்.

“எப்பயிருந்து அப்பா தெரியும்?” என்று பெரியம்மா கேட்டார்.

“முதல் நாள் தொட்டு. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே சொல்லில நிண்டியள். நீங்கள் பிறந்த நாளில இருந்து அப்பிடி ஒரு அதிசயத்தை நான் கண்டதில்லை.”

பெரியம்மா சிரித்துவிட்டார். அண்ணைமார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். “அப்ப ஏன் அம்மப்பா அவ்வளவு நேரம் குளிச்சனீங்கள்?” என்று சின்னண்ணை கேட்டார்.

“உன்ர அம்மா ஆறுதலாப் பொய் சொல்ல நேரம் வேண்டாமோ?”

எல்லோரும் சிரித்தோம், அம்மாவைத் தவிர. அம்மா குனிந்து அம்மப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“எல்லாம் தெரிஞ்சும் ஏன் அப்பா ஒரு நாளும் எங்களைக் கேக்கேல்ல?”

அம்மப்பா தேநீரை ஊதினார்.

“கேட்டால் சொல்லியிருப்பியளே, பிள்ளை” என்றார்.